குரோருட்டில் இருந்து நோர்த்காப் வரை

2001 ஆம் ஆண்டு யூலை மாதம். வேலைத்தலத்தில் மூன்று வார விடுமுறை. குரோருட்டில் எமது மாடிவீட்டின் கீழ் நின்ற பழைய ஹொண்டா 500 இல் கூடாரத்தையும் மழை உடுப்பையும் வரிந்து கட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டோம். நாம் என்றால் நாம் ஒருவர்தான்.

"உமக்கு விசரே? அந்தக் காசுக்குக் கனடாவுக்குப் போய் வரலாம்" என்றார் அயல்வீட்டு அண்ணர். மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுக்க வேணும்."

ஈ6 வீதியைப் பிடித்தால் ஹாமர், லில்லஹாமர், டோவ்ர மலை, துரொண்ட்ஹைம். இதுவே 500 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பைவிடக் கூடிய தூரம். ஆனால் நோர்த்காப்புக்கு இது கால்வாசி வழிதான்! டோவ்ரவில் வீதி ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறுகிறது. யூலையிலும் விரல் விறைத்தது. கோடைக் கையுறையோடு போன எமது மடைத்தனத்தை வேறு எவரும் செய்ய வேண்டாம்.

ஊரில் எம்மிடம் இருந்தது எம்.டி. 90. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், நாலு துளி பெற்றோலில் அதை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடினோம். எங்கே ஓடுவது? ஆனையிறவு பூட்டு. பிறகு இராணுவம் வந்தபின் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. தூரத்திலேயே இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டும்.

சால்ற்பியெல் மலைவெளியில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிய அன்று, இரவு பதினொரு மணிக்கும் வெயில். மரமில்லா வெளி இறங்கிப் பள்ளத்தாக்குக்கு வரும்போது முன்னால் காவற்துறையின் வாகனம். சீருடையில் இருவர். என்ன நடந்தது என்று நாம் உணருமுன்பே இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, உருட்டத் தொடங்கிவிட்டோம். ஐம்பது மீற்றர் இருக்கும். இருநூறு கிலோவுக்குக் கிட்டிய வண்டி, வியர்த்துக் கொட்டியது.

அவர்களில் ஒரு பெண் எதிரே ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். "பெற்றோல் முடிந்துவிட்டதா?"

என்ன பதில் சொல்வது? "ஓம்" என்றோம். பிறகு தாங்கியைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி எண்ணெய்! அவர் ஊத வைத்தார், சாரதிப் பத்திரத்தைப் பார்த்தார், கலைமான் கவனம் என்றார், போகச் சொன்னார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டபோது "குரோருட்" என்றோம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அடுத்த வளைவு தாண்டி, ஓரமாக நிறுத்தி, நெடுநேரம் இருந்தோம். மனைவிக்கு இதை அன்று சொல்லவில்லை.

கலைமான் உண்மையில் பெரிய தொல்லை. பின்மார்க்கில் கூட்டமாக வீதியில் நிற்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் வரும். பெற்றோல் நிலையங்களும் ஐதாகவே இருக்கும்; பாதித் தாங்கியிலேயே நிரப்புவது நல்லது. இந்தக் கரையோர மீன் தொழிற்சாலைகளில்தான் எம்மவர் பலர் முதற்சம்பளம் எடுத்தார்கள். 1956 இல் குருநகரில் இருந்து நோர்வே வந்த முதல் தமிழர் அன்ரனி இராஜேந்திரமும் மீன்பிடியோடு தொடர்புடையவரே.

கடைசியில் கடலுக்கடியில் சுரங்கம். 1999 இல் திறந்தது. ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளம், 212 மீற்றர் ஆழம். உள்ளே குளிர் எலும்பில் இறங்கும். அன்று கட்டணமும் அறவிட்டார்கள். 2012 இல் நிறுத்திவிட்டார்கள்.

ஓட விரும்பும் இளையவர்களுக்கு: கன வண்டிக்கான ஏ வகுப்புப் பத்திரம் எடுக்க இப்போது 24 வயது வேண்டும். ஏ2 இரண்டு வருடம் வைத்திருந்தால் 20 போதும்.

நோர்த்காப்பில் 307 மீற்றர் செங்குத்துப் பாறை. அதன் நுனியில் இரும்பு உலகவுருண்டை. நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். ஒரே புகார், உருண்டையே மங்கலாகத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போன் எடுத்தோம்.

"சாப்பிட்டாச்சோ?" என்றார் மனைவி.

அப்போதுதான் அந்தப் பெற்றோல் கதையைச் சொன்னோம்.