மூலைவாட்டமாக டைல் வெட்டும் முறை

குளித்து முடித்த பிறகு விளக்குமாற்றால் தள்ளினால்தான் தண்ணீர் வடியும் என்ற நிலை பல வீட்டுக் குளியலறைகளில் இருக்கிறது. தேங்கும் தண்ணீர் வெறும் எரிச்சலோடு போவதில்லை. சுபுஹுக்கு எழுந்து ஒளு செய்யப் போகும் வயதானவர்கள் வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான். இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு மாதக்கணக்கில் படுக்கை. தரை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கிற நாம், வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

வாட்டத்துக்கும் டைலை மூலைவாட்டமாக வெட்டுவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தண்ணீர் போகும் நஹானி டிராப் தரையின் நடுப்பகுதியில் இருந்தால், நான்கு பக்கமும் தரை அதை நோக்கிச் சரிய வேண்டும். அப்படிச் சரியும்போது, அறையின் மூலைகளிலிருந்து டிராப்பை நோக்கி நான்கு மடிப்புகள் உண்டாகும். காகித உறையின் பின்பக்கத்தைப் பார்த்தால் அந்த மடிப்புகள் எப்படி இருக்கும் என்பது விளங்கும். டைல் வளையாது. மடிப்பின் மேல் முழு டைலை வைத்தால் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், அதன் ஓரத்தில் தண்ணீர் தேங்கும். மடிப்பு போகும் கோட்டிலேயே டைலை இரண்டாக வெட்டிப் பதித்தால்தான் இரு பக்கமும் படியும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் வாட்டம் வைத்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும்.

டிராப் அறையின் ஒரு மூலையில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். தரை முழுவதையும் சாய்த்து வைத்த ஒரே பலகை போல அந்த மூலையை நோக்கிச் சரித்துவிடலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் குழாய் போடும்போதே இதைக் கேட்டு முடிவு செய்துகொள்வது நல்லது. பாதி வீடுகளில் டிராப் நடுவில் வருவதற்கு யாரும் யோசிக்காமல் விட்டதைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை.

வெட்டியே ஆக வேண்டும் என்றால், கடையில் விட்ரிஃபைட் என்று சொல்லிக் கொடுக்கும் போர்சலின் டைலைக் கைக் கட்டரிலேயே வெட்டலாம். 'இது கல்லு மாதிரி, மெஷின் போட்டாத்தான் வெட்டும்' என்று சில மேஸ்திரிகள் சொல்வார்கள். அது சரியில்லை. போர்சலின் மிக நுண்ணிய களிமண் கலவையை அழுத்தி, கடும் சூட்டில் சுட்டெடுத்தது. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாத அளவுக்கு அடர்த்தியானது. அதனாலேயே கண்ணாடி போல, போட்ட கோட்டில் பிளக்கும் குணம் அதற்கு உண்டு. கைக் கட்டர் செய்வது அறுப்பது அல்ல. மேலே ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறல் வழியே பிளப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் கட்டரின் நீளம். மூலைக்கு மூலை நீளம் பக்கத்தின் நீளத்தைப் போல 1.414 மடங்கு. ஒரு அடி டைலுக்கு, அதாவது 300 மில்லிமீட்டருக்கு, 424 வரும். 400 மில்லிமீட்டர் டைலுக்கு 566. ஆகவே 600 என்று போட்ட கட்டர் இந்த இரண்டுக்கும் போதும். இரண்டு அடி டைலுக்கு 848 மில்லிமீட்டர் வேண்டும். 600 கட்டரை வாங்கி வந்துவிட்டு அதில் இரண்டு அடி டைலை மூலைவாட்டமாக வைக்கப் பார்த்தால் உள்ளேயே போகாது. குளியலறைத் தரைக்குப் பெரும்பாலும் ஒரு அடி டைல்தான் என்பதால் சிறிய கட்டரே போதுமானது. சிறிய டைலில் வாட்டம் பிடிப்பதும் சுலபம்.

அடுத்து அளவு எடுப்பது. மடிப்புக் கோடு எப்போதும் டைலின் மூலைக்கு மூலை போகும் என்று எண்ணிவிடக் கூடாது. அறை சதுரமாக இருந்து டிராப் சரியாக நடுவில் இருந்தால்தான் அது 45 பாகைக் கோணத்தில் வரும். மற்ற அறைகளில் தரையிலேயே மூலையிலிருந்து டிராப் வரை நூல் அடித்துக்கொள்ள வேண்டும். கலவை போடாமல் டைலை அது வரவேண்டிய இடத்தில் வைத்து, நூல் கோடு டைலின் எந்த இரு ஓரங்களைத் தொடுகிறதோ அங்கே புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் போதும். கோணக் கணக்கு எதுவும் தேவையில்லை. கறுப்பு டைலில் பென்சில் தெரியாது. காகித டேப் ஒட்டி அதன் மேல் புள்ளி வைத்துக்கொண்டு, கீறும் முன் டேப்பை எடுத்துவிடலாம்.

டைலைக் கட்டரில் வைத்ததும், அழுத்தம் கொடுக்காமல் சக்கரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடங்கும் புள்ளியிலும் முடியும் புள்ளியிலும் சக்கரம் சரியாக நிற்கிறதா? ஒரு முனையில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பதித்த பிறகு கண்ணை உறுத்தும். சரியானதும் தடுப்பை இறுக்கிவிட்டு, ஒரே சீராக, ஒரே ஒரு முறை கீற வேண்டும். கீறும்போது மெல்லிய 'சர்ர்' என்ற சத்தம் விட்டுப்போகாமல் வந்தால் கீறல் நன்றாக விழுகிறது என்று பொருள். சத்தம் நடுவில் நின்றால் சக்கரம் தேய்ந்திருக்கிறது, அல்லது கை தளர்ந்திருக்கிறது. அதே கோட்டில் இரண்டாம் முறை கீறுவதுதான் பலரும் செய்வது. அதனால் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும், சக்கரமும் மழுங்கும். பலம் போட்டு அழுத்துவதும் அப்படித்தான். கீறல் ஆழமாகப் போகாமல் பக்கவாட்டில் வெடிக்கும். முடியும் முனை நெருங்கும்போது கையை இலேசாக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் சட்டென்று கீழே விழுந்து கூர்முனையை உடைத்துவிடும்.

டைல் வீணாவது பெரும்பாலும் இதற்கு அடுத்த கட்டத்தில்தான். கட்டரின் அடியில் ஒரு மேடான கம்பி இருக்கிறது. மேலே அழுத்தும் பாதம் இருக்கிறது. பாதம் கோட்டின் இரு பக்கமும் சமமாக அழுத்தினால், டைல் கம்பியின் மேல் வளையப் பார்த்து, கீறலில் பிளக்கும். நேர் வெட்டில் பாதத்தை ஓரத்துக்கு அருகில் வைத்து அழுத்துவோம். மூலைக்கு மூலை வெட்டில் அதே பழக்கத்தில் கூர்முனையின் மேலேயே வைத்து அழுத்தினால், அங்கே பாதத்துக்குக் கீழே டைலே இருக்காது, முனை நொறுங்கும். சதுர டைலின் மூலையிலிருந்து எவ்வளவு உள்ளே வருகிறோமோ, அதைப் போல இரண்டு மடங்கு அகலம் அங்கே கிடைக்கும். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பாதம் முழுதாக உட்கார, மூலையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே வர வேண்டும். அங்கே வைத்து, அடிக்காமல், மெதுவாக அழுத்தத்தைக் கூட்டினால் 'டக்' என்று மறு மூலை வரை பிளந்துவிடும். டைலின் இரு பாதிகளும் தொங்காமல் சமமாகத் தாங்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைக் கட்டரால் முடியாததும் உண்டு. கோடு ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். டைலின் நடுவில் நின்று திரும்ப முடியாது. மூலையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் கிள்ளி எடுப்பதும் கஷ்டம், ஏனென்றால் சிறிய பக்கத்தில் பாதம் பிடிக்க இடமில்லை. ஜல்லடையைச் சுற்றி வரும் இத்தகைய சின்ன வெட்டுகளுக்குத்தான் கிரைண்டர்.

கிரைண்டரைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் பிள்ளைகள் பலர் உள்ளூரிலும் வளைகுடாவிலும் டைல் வேலையில் இருக்கிறார்கள். நான்கு சுவருக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உலர்வாக அறுக்கிறார்கள். போர்சலினில் சிலிக்கா இருக்கிறது. அறுக்கும்போது பறக்கும் மிக நுண்ணிய தூள் நுரையீரலின் அடி வரை போய்த் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. கைக் கட்டரில் தூள் மிகக் குறைவு என்பதே அதை முதலில் எடுக்கச் சொல்வதற்கான பெரிய காரணம். கிரைண்டர் போட்டே ஆக வேண்டிய வெட்டுகளை வெளியில், காற்றோட்டத்தில், தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் உடனே அணைந்துவிடும் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் மட்டுமே செருக வேண்டும். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் வீட்டுக்காரர் இதை வற்புறுத்தலாம். வெட்டுகிற பையனுக்கு அதைச் சொல்லும் துணிவு இருக்காது.

வெட்டிய ஓரம் கத்தி போல இருக்கும். தேய்ப்புக் கல்லால் ஒருமுறை இழுத்துவிட்டால் கையும் காலும் தப்பும். டைலின் அடிப்பக்கத்து வரிகளால் கீழ் விளிம்பு சற்று மேடு பள்ளமாக இருந்தாலும் பாதகமில்லை, மேல் விளிம்பு நேராக இருந்தால் போதும்.

டைல் வாங்கும்போது நேர் வரிசைக்கு 100-க்கு 10 கூடுதலாக வாங்குவது வழக்கம். மூலைவாட்ட வெட்டுகள் இருந்தால் 15 என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேடு எண் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அதே பெயரில் டைல் கிடைக்கும், அதே நிறத்தில் கிடைப்பது அரிது.