இழை எண்ணியவரின் கணக்கு

தேவிகாபுரத்தில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும் நாளில், பிணைக்க உட்காருகிறவர் பழைய இழை ஒன்றையும் புது இழை ஒன்றையும் எடுத்துச் சேர்த்து விரலால் முறுக்குகிறார். அடுத்த இழை, அதற்கடுத்தது என்று ஆயிரக்கணக்கில் போகும். ஒன்று விட்டுப்போனாலும் சேலையில் கோடு விழும்.

செல்லை ஆராய்கிறவர்களும் தறியிலிருந்துதான் சொல் எடுத்தார்கள். செல் பிரிவதற்கு வால்தர் ஃபிளெமிங் 1882இல் ‘மைட்டாசிஸ்’ என்று பெயர் வைத்தார். ‘மைட்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் இழை, அதிலும் பாவு நூல். நம் பாடப்புத்தகத்துத் ‘திசு’, நெய்த துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இலங்கைத் தமிழர் அதை அழகாக ‘இழையம்’ என்கிறார்கள்.

செல் பிரியும்போது தெரியும் இந்த இழைகளை, அதாவது குரோமோசோம்களை, எண்ணியே வாழ்ந்தவர் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர்.

எண்ணுவது எளிதல்ல. வேர் நுனியை நறுக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். பட்டுப்புழுவுக்கு 56. மனிதனுக்கு 48 என்றே பல பத்தாண்டுகள் நம்பியிருந்தார்கள். 46 என்று ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் 1956இல்தான் திருத்தினார்கள். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1945இல், இங்கிலாந்தின் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து ஜானகி அம்மாள் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து ஒரே நூலாக வெளியிட்டுவிட்டார்.

இந்தியக் கரும்பை இனிக்க வைத்தவர் அவர் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்தப் புகழ் வேறு இருவருக்கு உரியது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியது. ஆலைக்கரும்பையும் காட்டு நாணலையும் இணைத்து பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய ‘கோ 205’ 1918இலேயே வயலுக்கு வந்துவிட்டது. ஜானகி அம்மாள் அந்த நிலையத்துக்குப் போனது 1934இல். அவர் ஆராய்ந்தது அந்தக் கலப்பினத்தின் உள்ளே நடப்பதை. கோயம்புத்தூர் நாணலின் 64 இழைகளில் பாதி, 32 வருகிறது. ஆலைக்கரும்பின் 80இல் பாதி வராமல் எண்பதுமே வந்துவிடுகின்றன. கூட்டினால் 112. இப்படிக் கணக்கு மீறும் கரும்பை மக்காச்சோளத்தோடும் இணைத்துப் பார்த்து, 1938இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். செய்யாததற்குப் பாராட்டிவிட்டு, செய்ததைச் சொல்லாமல் விடுவது அவருக்கு நியாயமாகாது.

இன்றைய அளவுகோல்களிலும் அவர் சரியாக அகப்படமாட்டார். ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்டார். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் ‘எச்-இண்டெக்ஸ்’ தந்தார்: ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோளானால் அவருக்கு 20. அட்டவணை வந்தபோது ஜானகி அம்மாளின் நூலுக்கு வயது 19. அதற்குள் விரிவாக்கிய பதிப்பு 1955இல் டார்லிங்டன், வைலி பெயர்களில் வந்திருந்தது. அதை எடுத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்கிறவர் வைலியைத்தான் மேற்கோள் காட்டுவார். பழைய பாவின் நுனியில்தான் புதுப் பாவு பிணைந்திருக்கிறது என்பது நெய்த சேலையில் தெரிவதில்லை.

எண்களை மட்டும் நம்பி ஆளை எடைபோடாதீர்கள் என்ற குரல் செல் உயிரியலாளர்களிடமிருந்தே எழுந்தது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தின்போது கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும், ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களைக் காட்டும் தாக்கக் குறியீட்டை வைத்து ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்றார்கள். வேலை கொடுக்கும்போதும் நிதி கொடுக்கும்போதும் ஆய்வைப் படித்துப் பார்க்கச் சொன்ன அந்த அறிக்கையை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

ஜானகி அம்மாள் 1984இல், சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வுக்கூடத்தை விடாமல் இருந்தபோதே மறைந்தார். இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் கால்சிசின் தடவிப் பார்த்தவர் அவர். அந்த வேதிப்பொருள் செல் பிரியும்போது இழைகளை இழுக்கும் கதிரை உருவாகவிடாது. இழை இரட்டித்த பிறகும் செல் பிரியாமல் நிற்கும். அந்த நாற்றுகளிலிருந்து வந்த ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பூ, தடித்த இதழ்கள்.