மூளையின் துணை அணுக்களும் பால் ஹார்மோன்களும்

மூளையைப் பற்றிய பாடங்களில் நரம்பணுக்களுக்கே முதலிடம் தரப்படுகிறது. அவற்றினிடையே நெருங்கிப் பரவியுள்ள துணை அணுக்களைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் காண்பது அரிது. 1856ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ப் விர்க்கோ இவற்றுக்கு ‘நியூரோகிளியா’ என்று பெயரிட்டார். ‘நரம்புப் பசை’ என்பது அதன் பொருள். நரம்பணுக்களைப் பிணைத்து வைப்பதற்கு மேல் இவற்றுக்கு வேலை ஏதும் இல்லை என்ற எண்ணமும் அப்பெயரோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இத்துணை அணுக்களுள் இரு வகைகள் இங்குக் கருதத்தக்கன. ஒன்று, விண்மீன் போலக் கிளை விரித்து நிற்கும் அஸ்ட்ரோசைட்டுகள். மற்றொன்று, 1919இல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் ரியோ ஓர்த்தேகா பிரித்தறிந்த மைக்ரோகிளியா. இறந்த அணுக்களையும் கிருமிகளையும் விழுங்கி அகற்றுவது மைக்ரோகிளியாவின் தொழில். அமைதியான நிலையில் இவை மெல்லிய கிளைகளுடன் காணப்படும். கிளர்ச்சியுற்றால் கிளைகளை உள்ளிழுத்துக்கொண்டு அமீபாவைப் போல் திரண்டுவிடும். இவ்வடிவ மாற்றமே பிற்காலத்தில் ஒரு முக்கியத் தடயமாயிற்று.

1959இல் அமெரிக்காவின் கான்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் யங் என்பாரின் குழுவினர், கருவுற்ற கினிப்பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டெரோனைச் செலுத்தினர். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபோது அவற்றின் இணைசேரும் நடத்தை பெரிதும் ஆணின் தன்மையைக் கொண்டிருந்தது. ஹார்மோன் கருப்பருவத்தில் மூளையின் அமைப்பையே நிலையாக வகுத்துவிடுகிறது என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. வெள்ளெலியில் இதற்கான காலம் மிகக் குறுகியது. பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் தொடங்கி, பிறந்தபின் சுமார் 10 நாட்களில் முடிந்துவிடுகிறது.

எலியின் மூளையை அடைந்த டெஸ்டோஸ்டெரோன் அங்குள்ள அரோமட்டேஸ் என்னும் நொதியால் எஸ்ட்ரடயாலாக மாற்றப்படுகிறது. பெண் ஹார்மோன் எனப் பெயர் பெற்ற அப்பொருளே ஆண் எலியின் மூளையை அமைக்கிறது! தாயின் எஸ்ட்ரடயால் பெண் கருவை ஏன் இவ்வாறு மாற்றுவதில்லை என்று மாணவர் வினவக்கூடும். கருவின் இரத்தத்திலுள்ள ஒரு புரதம் அதனைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் புகாதவாறு தடுத்துவிடுகிறது.

ஆனால் ஹார்மோன் நரம்பணுவை எவ்வாறு மாற்றுகிறது என்பது நெடுநாள் விளங்காதிருந்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்கார்த்தி குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத விடையொன்றை அளித்தது. எஸ்ட்ரடயால், இணைசேரும் நடத்தைக்குரிய மூளைப் பகுதியில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைப் பெருகச் செய்கிறது. காய்ச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருளும் இதுவே. அதன் தூண்டுதலால் நரம்பணுக்களில், பிற அணுக்களின் செய்தியை ஏற்கும் சிறு முட்கள் மிகுதியாக முளைக்கின்றன. பேறுகாலத்தையொட்டி ஆஸ்பிரினுக்கு உட்பட்ட ஆண் எலிகளில், இப்பொருளின் உற்பத்தி தடைப்பட்டதனால், வளர்ந்தபின் ஆணுக்குரிய நடத்தை குன்றியது.

இதில் மைக்ரோகிளியாவின் பங்கு 2013இல் தெளிவாயிற்று. ஆண் எலிக்குட்டியின் அப்பகுதியில் அமீபா வடிவ மைக்ரோகிளியா பெண் குட்டியினுடையதைக் காட்டிலும் மிகுதி. மினோசைக்ளின் என்னும் மருந்தால் மைக்ரோகிளியாவை அடக்கிவிட்டால், எஸ்ட்ரடயாலைச் செலுத்தியும் பெண் குட்டியின் மூளை மாறவில்லை. ஹார்மோனின் கட்டளை நிறைவேறுவதற்கு இவ்வணுக்களின் துணை இன்றியமையாதது என்பது இதனால் உறுதியாயிற்று. ‘பசை’ என்று ஒதுக்கப்பட்டதற்கு இத்தகைய அதிகாரம் இருக்குமென முன்னர் எவரும் எண்ணவில்லை.

மூளையின் அமிக்டலா என்னும் பகுதியில் இவற்றின் வேலை வேறு விதமானது. ஆண் குட்டியின் மைக்ரோகிளியா, அஸ்ட்ரோசைட்டுகளாக வளரவிருக்கும் இளம் அணுக்களை மிகுதியாக விழுங்கிவிடுகின்றன. ஆண் குட்டிகள் பெண் குட்டிகளை விட அதிகமாகக் கட்டிப் புரண்டு விளையாடுவதற்கு இது காரணமாகும் என 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவையனைத்தும் எலியில் கண்டவை. மனிதக் கருவில் டெஸ்டோஸ்டெரோன் ஏறத்தாழ 8ஆம் வாரத்திற்கும் 24ஆம் வாரத்திற்கும் இடையே மிகுகிறது. மேலும் அது எஸ்ட்ரடயாலாக மாறாமல் நேரடியாகவே செயற்படுகிறது என்று எண்ண இடமுண்டு. ஆகவே, எலியின் விளையாட்டைச் சான்றாகக் காட்டி வகுப்பிலுள்ள சிறுவர் சிறுமியரின் அறிவாற்றலை வகைப்படுத்துவது முறையன்று.

களப்பணியாளர் ஆஸ்பிரின் பற்றிய செய்தியிலும் எச்சரிக்கை கொள்ளவேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை உட்கொள்ளலாகாது என்பது உண்மையே. எனினும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய்க்கு ஆளாகக்கூடிய தாய்மாருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை மருத்துவர்களே தருகின்றனர். எலிச் சோதனையைச் சொல்லி அச்சுறுத்தி, அம்மாத்திரையை நிறுத்தும்படி செய்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேரக்கூடும்.