கொழும்பு மேயர் தெரிவும் தோட்டத்து வாக்காளரின் உரிமையும்

இலங்கையின் உத்தியோகபூர்வத் தலைநகர் சிறீ ஜயவர்தனபுர கோட்டையாயினும் நாட்டின் பெருநகராக விளங்குவது கொழும்பே. அதன் மாநகர சபைக்குரிய மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை என்பதை 2025ஆம் ஆண்டுத் தேர்தல் நன்கு உணர்த்தியது. மே 6ஆம் திகதி நடந்த வாக்களிப்பில் 117 ஆசனங்களுள் 48ஐப் பெற்ற தேசிய மக்கள் சக்தி முதலிடத்தில் நின்றபோதும், அறுதிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 59 ஆசனங்களை எக்கட்சியும் எட்டவில்லை. ஆகவே ஜூன் 16ஆம் திகதி சபை கூடி இரகசிய வாக்கெடுப்பு நடத்தியபோது, தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் 61 வாக்குகளையும் ஐக்கிய மக்கள் சக்தியின் ரிசா சரூக் 54 வாக்குகளையும் பெற, இரண்டு வாக்குகள் நிராகரிக்கப்பட்டன.

தலைவரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யாத இந்த விதி கொழும்புக்கு மட்டும் உரியதன்று. மலையகத்தின் தெமோதரையைச் சூழ்ந்த தோட்டங்களின் மக்கள் வாக்களிக்கும் எல்ல, ஹாலி-எல முதலிய பிரதேச சபைகளிலும், ஒரு கட்சி பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்களைப் பெற்றால் அக்கட்சியே தவிசாளரைப் பெயர் குறிக்கும். பெறாவிடின், உள்ளூராட்சி ஆணையாளர் முன்னிலையில் உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவு செய்வர். உறுப்பினர்களுள் ஏறத்தாழ 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும், எஞ்சியோர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். வாக்குச்சீட்டிலோ கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் மட்டுமே உள்ளமையால், வட்டார வேட்பாளர் யார், தனிப் பெரும்பான்மை கிடைக்காதபோது அவர் யாருக்குக் கைகொடுப்பார் என்பதை வாக்களிக்கும் முன்னரே கேட்டறிவது வாக்காளரின் உரிமையாகும். இரகசிய வாக்கெடுப்பில் தமது உறுப்பினர் எப்பக்கம் நின்றார் என்பதைப் பின்னர் அறிந்துகொள்ள மக்களுக்கு வழியில்லை. இம்முறையின் பெரிய ஆபத்து இதுவே.

தோட்ட மக்களுக்கு உள்ளூராட்சி வாக்கின் பெறுமதி அண்மையில் கூடியுள்ளது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களுள் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. எனினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு தோட்டங்களில் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தமையால், வாக்கைப் பெற்ற சபை லயன் வாசலுக்கு வீதியும் குடிநீரும் கொண்டுவர இயலாதிருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அத்தடையைத் தளர்த்தியபின், ‘தோட்டத்துக்குள் எமக்கு அதிகாரமில்லை’ என்ற பழைய விடையைச் சபைகள் முடிந்த விடையாகக் கூற இடமில்லை.

கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்து இளைஞரும் பெண்களும் தம் வாக்கை இழப்பதற்கு அறியாமையும் ஒரு காரணமாகலாம். ஒருவர் பெயர் வாக்காளர் இடாப்பில் எவ்விடத்துக்குப் பதியப்பட்டுள்ளதோ அவ்விடத்தில் மட்டுமே அவர் வாக்களிக்கலாம். ஆதலின் ஊரில் பதிவுள்ளோர், வேலைகொள்வோரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, சம்பளக் குறைப்பில்லாத விடுமுறை பெற உரிமையுடையவர். வாக்களிப்பு நிலையம் 150 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்போருக்கு இரண்டு நாள் விடுமுறை வழங்கவேண்டுமென அறிவுறுத்தப்பட்டுள்ளது. கொழும்புக்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட தூரம் அவ்வெல்லையைத் தாண்டியது. விடுமுறை மறுக்கப்பட்டால் தேர்தல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். இடாப்பு புதுப்பிக்கப்படும் காலத்தில் கிராம உத்தியோகத்தரிடம் பெயரைச் சரிபார்ப்பதும், தேசிய அடையாள அட்டையை முன்கூட்டியே பெற்றுக்கொள்வதும் இன்றியமையாதவை.

தேர்தல் முடிந்தபின்னரும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு, அது எங்கே சென்றது என்று பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். அவர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்கவேண்டும், மறுப்பின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தோட்டந்தோறும் எழுதத் தெரிந்த ஒரு சிலராவது இவ்விண்ணப்பத்தை எழுதப் பழகி, தம் அயலாருக்கும் எழுதிக் கொடுக்க முன்வரவேண்டும்.