சுமை குறைந்தால் எலும்பு கரையும்

நெய்வேலி சுரங்கங்களில் இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பழுப்பு நிலக்கரியின் மேல் கிடக்கும் மண்ணை அகற்றியதும், அடியில் அழுத்தத்தில் இருக்கும் ஊற்றுநீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு வரப் பார்க்கும். மேலிருக்கும் சுமையை எடுத்தால் சமநிலை குலையும். புற்றுக்கட்டிக்காகத் தோளில் உலோக மூட்டு பொருத்திக்கொண்டவர்களின் எலும்பிலும் இதுதான் நடக்கிறது.

பதின்ம வயதினரை அதிகம் தாக்கும் ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்று, முழங்காலை அடுத்து அதிகம் வருவது தோளையொட்டிய மேற்கை எலும்பில். முன்பெல்லாம் கையையே எடுத்துவிடுவார்கள். சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன், நோயாளியின் அளவுக்கே உள்நாட்டில் செய்த உலோகப் பொருத்திகளைக் கொண்டு கைகால்களைக் காக்கும் அறுவை சிகிச்சையைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்தார். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கட்டியோடு எலும்பின் மேற்பகுதியை வெட்டியெடுத்து, மிச்ச எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் உலோகத் தண்டைச் செருகுவார்கள். சிக்கல் அந்தத் தண்டைச் சுற்றித்தான். தன்மேல் விழும் விசைக்கேற்ப எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று 1892இல் ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் விளக்கினார். விறைப்பான உலோகம் விசையைத் தானே வாங்கிக்கொண்டால், பக்கத்து எலும்புக்கு வேலை குறைகிறது. அதன் சுவர் மெலிகிறது. கட்டியோடு தசைகளையும் எடுத்திருந்தால் இழுவிசை இன்னும் குறையும். பிளாஸ்டிக் பாகமுள்ள மூட்டுகளில் உராய்ந்து உதிரும் நுண்துகள்களை வெள்ளணுக்கள் விழுங்கி, எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுவதும் உண்டு.

தோள் பொருத்தியில் வரும் சிக்கல்களில் மூட்டு நழுவுவதுதான் அதிகம். எலும்பு மெலிந்து தண்டு தளர்வது அதைவிடக் குறைவு. ஆனால் இந்த நோயாளிகள் பலர் இளையவர்கள். பொருத்தி பல பத்தாண்டுகள் தாங்க வேண்டும். எலும்பு மிகவும் மெலிந்தபின் லேசாக விழுந்தாலே தண்டின் நுனியருகே முறியலாம். மாற்று அறுவைக்கு நல்ல எலும்பும் மிஞ்சாமல் போகலாம்.

வலியே இல்லாமலும் எலும்பு கரையும். கிருமித் தொற்றும் திரும்பி வரும் புற்றும்கூட எக்ஸ்ரேயில் எலும்பரிப்பாகவே தெரியலாம். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் மருத்துவரால் வேறுபாட்டை எளிதில் கண்டுபிடிக்க முடியும். எனவே சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் எல்லாப் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர் சொன்ன தேதியில் எக்ஸ்ரே எடுங்கள். சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாதீர்கள். புற்றிலிருந்து மீட்ட கை ஆயுள் முழுக்க உழைக்க இந்தக் கவனம் அவசியம்.