மணிக்கட்டு முறிவு: சான்றிதழில் 20% என்றால் இழப்பீடும் அவ்வளவுதானா?

பைக்கில் போனவர் மீது கார் மோதி மணிக்கட்டு உடைகிறது. எலும்பு கூடியும் பிடிமானம் திரும்பவில்லை. மருத்துவர் ஊனம் 20% என்கிறார். வருமான இழப்பும் 20% தானா?

இல்லை. அந்தச் சதவீதத்தை அப்படியே எடுக்கக் கூடாது என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. காயம்பட்டவரின் வேலை என்ன, இனி அதைச் செய்ய முடியுமா என்பதே கேள்வி. ஒரே காயம், தச்சரின் பிழைப்பையே பறிக்கலாம். அலுவலக ஊழியரின் சம்பளம் குறையாமலும் போகலாம்.

என்ன செய்யணும்?

* எஃப்.ஐ.ஆர்., எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், சம்பள ஸ்லிப்: எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்க.
* சிகிச்சைச் செலவோடு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், வலி, வேதனைக்கும் கேட்கலாம்.
* மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடணும். விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் வசிக்கும் இடத்திலோ போடலாம்.

கட்டு பிரிச்சதும் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க. சட்டத்தில் உள்ள கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்.