ஒன்றாம் எண் நிரல்

லினக்ஸ் கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. கணினி உயிர்பெற்றதும் முதலில் எழும் நிரலுக்கு 1. அதன் பின்னால் வருபவை அடுத்தடுத்த எண்களைப் பெறும். இப்போது ஒரு கன்டெய்னருக்குள் ஒரு நிரலை ஓடவிட்டு, அதன் எண் என்ன என்று உள்ளேயிருந்து கேட்டுப் பாருங்கள். 1 என்று பதில் வரும். அதே நிரலை வெளியேயிருந்து தேடினால் 24318 என்பதுபோல ஏதோ ஓர் எண்ணில் அகப்படும். நிரல் ஒன்றுதான், எண்கள் இரண்டு. உள்ளே இருப்பதைப் பொறுத்தவரை அந்தக் கணினியில் அதற்கு முன்னால் யாரும் வரவில்லை.

கன்டெய்னர் என்றதும் துறைமுகத்தில் அடுக்கிக் கிடக்கும் இரும்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும். மென்பொருள் கன்டெய்னர்களுக்கான கருவியைத் தரும் டாக்கர் நிறுவனத்தின் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு புறப்பட்டது. உள்ளே என்ன சரக்கு என்று பார்க்காமலே எந்தப் பாரந்தூக்கியும் தூக்கலாம், எந்த லாரியும் ஏற்றலாம் என்ற நிலை அதன்பிறகு மெல்ல உருவானது. ஓரிடத்தில் கட்டியதை இன்னோரிடத்தில் அப்படியே இறக்கலாம் என்பதைச் சொல்ல இந்த உவமை நன்றாக உதவுகிறது. ஆனால் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள அது தடையாகிவிடுகிறது என்பது என் எண்ணம். மென்பொருள் கன்டெய்னருக்கு இரும்புச் சுவர் கிடையாது. மற்ற நிரல்களோடு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒன்றின் மேலேயே ஓடும் சாதாரண நிரல்தான் அது. அதன் பார்வை மட்டும் சுருக்கப்பட்டிருக்கிறது.

சுருக்குவது கெர்னல். எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் என்ற வசதி வரையறுக்கிறது: எந்தக் கோப்புகள், எந்த நிரல்கள், எந்த நெட்வொர்க். எவ்வளவு நினைவகமும் செயலி நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை சிகுரூப் வரையறுக்கிறது. முதலாவதன் விதை 1979-லேயே யூனிக்ஸில் விழுந்தது. ஒரு நிரலுக்கு ஒரு குறிப்பிட்ட கோப்புறையையே கோப்பு மரத்தின் வேராகக் காட்டும் சிஹெச்ரூட் கட்டளைதான் அது. இரண்டாவதை 2006-இல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கினார்கள். 2008-இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. ஆக, துண்டுகள் எல்லாம் கைவசம் இருந்தன, கோத்துப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு. 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிட உரை ஒன்றில், இவற்றைக் கோக்கும் டாக்கர் என்ற கருவியை அறிமுகம் செய்தார். கோப்பது அதன்பின் எல்லோர் கைக்கும் எட்டியது.

பைத்தான் உலகிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஜாங்கோ, இணையதளம் கட்டுவதற்கான ஃபிரேம்வொர்க். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. கிதார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஜாங்கோ தனியாக ஓடாது. குறிப்பிட்ட பைத்தான் பதிப்பு வேண்டும், துணை நூலகங்கள் வேண்டும், பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு தரவுத்தளமும் வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் உங்கள் லேப்டாப்பில் ஓடியது நண்பரின் லேப்டாப்பில் நின்றுவிடும்.

கன்டெய்னர் முறையில் இந்தத் தேவைகளை டாக்கர்ஃபைல் என்ற சிறு கோப்பில் எழுதிவைக்கிறோம். அதைக்கொண்டு இமேஜ் என்ற வார்ப்பு கட்டப்படும், அதிலிருந்து கன்டெய்னர் கிளம்பும். பைத்தான் உள்ள இமேஜிலிருந்து தொடங்கு, நூலகப் பட்டியலை உள்ளே நகலெடு, அவற்றை நிறுவு, பிறகு நம் நிரலை நகலெடு, கடைசியில் சர்வரைக் கிளப்பு. கோப்புகளைத் தொடும் ஒவ்வொரு வரியும் ஓர் அடுக்காக உறைகிறது. ஓர் அடுக்கு மாறினால் அதுவும் அதற்கு மேலே உள்ளவையும் மட்டும் மறுபடி கட்டப்படும். கீழே உள்ளவை பழையபடியே இருக்கும். பட்டியலை முதலிலும் நிரலைப் பிறகும் நகலெடுப்பதன் காரணம் இதுதான். வரிசையைப் புரட்டிவிட்டால், நிரலில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் எல்லா நூலகங்களையும் முதலிலிருந்து நிறுவ வேண்டிவரும்.

இந்த அடுக்குகளால் ஓர் ஆபத்தும் உண்டு. ஓர் அடுக்கில் கடவுச்சொல் கோப்பை நகலெடுத்துவிட்டு அடுத்த வரியில் அழித்தால், மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. கீழடுக்கில் அப்படியே இருக்கும். இமேஜைப் பெற்ற எவரும் அடுக்கடுக்காகப் பிரித்து அதை எடுத்துவிடலாம். இமேஜுக்குள் ரகசியத்தை வைக்காதீர்கள்.

இனி, புதியவர்கள் தவறாமல் இடறும் இடங்கள். ஜாங்கோவின் சோதனை சர்வர் வழக்கமாக 127.0.0.1 என்ற முகவரியில் 8000-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். கன்டெய்னரின் போர்ட்டை வெளியே திறந்துவிட்ட பிறகும் பிரவுசரில் பக்கம் வராது. 127.0.0.1 என்றால் ‘நான் இருக்கும் இந்த இயந்திரம்’ என்று பொருள். நெட்வொர்க்கின் பார்வை சுருங்கியிருப்பதால், உள்ளே இருக்கும் நிரலுக்கு ‘இந்த இயந்திரம்’ என்பது கன்டெய்னர் மட்டுமே. 0.0.0.0 என்று மாற்றி, எந்த வழியாக வரும் அழைப்பையும் ஏற்கச் சொன்னால் பக்கம் வந்துவிடும். தரவுத்தளத்தை லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே 127.0.0.1-இல், தேடி ஏமாறுவதும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸ் வேறொரு கன்டெய்னரில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இயக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பில் அதற்கு என்ன பெயர் இட்டீர்களோ, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

தரவுகள் தொலைவதுதான் இவற்றில் மனதை வதைப்பது. இமேஜின் அடுக்குகள் மாறாதவை. ஓடும்போது எழுதப்படுபவை எல்லாம் உச்சியில் இருக்கும் மெல்லிய அடுக்குக்குப் போகின்றன. கன்டெய்னரை நீக்கினால் அந்த அடுக்கும் போய்விடும். வாரக்கணக்கில் சேர்த்த பதிவுகள் ஒரே கட்டளையில் மறைந்துபோன அனுபவம் எனக்கு உண்டு. தரவுத்தளக் கோப்புகளுக்கு வால்யூம் என்ற தனி இடத்தை ஒதுக்கி அதை கன்டெய்னரோடு இணைப்பதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

கெர்னல் பொதுவானது என்பதால் கன்டெய்னர் நொடியில் கிளம்பிவிடுகிறது. முழு இயங்குதளத்தையும் எழுப்பவேண்டிய வேலை இல்லை. அதே காரணத்தால் அதன் காவல் மெய்நிகர் கணினி அளவுக்கு இறுக்கமானதும் அல்ல. டாக்கரின் அடியில் கன்டெய்னர்களைக் கிளப்பும் ரன்சி என்ற நிரலில் ஓர் ஓட்டை இருப்பது 2019 பிப்ரவரியில் வெளியானது. கன்டெய்னருக்குள் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடும் தீய நிரல், அந்த ஓட்டை வழியாக வெளியே உள்ள கணினியையே கைப்பற்ற முடிந்தது. ஜாங்கோவை ரூட்டாக ஓடவிடாமல் சாதாரணப் பயனராக ஓடவிட டாக்கர்ஃபைலில் ஓரிரு வரிகள் போதும். பலர் அதை எழுதுவதில்லை என்பது வருத்தம் தருகிறது.

ஒன்றாம் எண்ணுக்கு வருவோம். லினக்ஸில் அந்த எண்ணுக்குத் தனிச் சலுகை உண்டு. ‘முடித்துக்கொள்’ என்று வரும் சைகையை ஏற்பதற்கான ஏற்பாட்டை ஒன்றாம் எண் நிரல் தானே செய்துகொள்ளவில்லை என்றால், கெர்னல் அந்தச் சைகையைக் கண்டுகொள்ளாது. டாக்கர்ஃபைலின் கடைசி வரியை எழுதும் விதத்தால் சில நேரம், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல் ஒன்றாம் எண்ணாகி, ஜாங்கோ அதன் பிள்ளையாகிவிடும். நிறுத்தச் சொன்னால் ஷெல் அசையாது, பிள்ளைக்கும் சேதி போகாது. டாக்கர் பத்து நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாக முடித்துவிடும். பாதியில் இருந்த வேலை பாதியிலேயே அறுந்துபோகும். கட்டளையை ஒரே வாக்கியமாக எழுதாமல், சதுர அடைப்புக்குறிக்குள் சொல் சொல்லாகப் பிரித்து எழுதினால் ஷெல் நடுவே வராது. சர்வரே ஒன்றாம் எண்ணாக நின்று, சைகை வந்ததும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு இறங்கும்.